பாட்டில் அடியில் தொடங்கி அகேட் கல்லில் வந்து நின்ற அம்பு முனை

மேசை மேல் இப்போது இருப்பது, ஓரத்தில் அழுத்திச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும் பழைய முறையில் நானே செய்த, 34 மி.மீ. நீளம், 18 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனத்தில் ஓர் அம்பு முனை. சிவப்பும் சாம்பலும் கலந்த அகேட் கல். இரண்டு முகத்திலும் சில்லு பெயர்ந்த தடங்கள் ஓரத்திலிருந்து நடுவரை ஓடியிருக்கின்றன. அடிப்பக்கம் நூல் சுற்றிக் கட்ட இரண்டு காடிகள். இடது காடி வலதைவிட ஒரு மில்லி ஆழம். ஒரு முகத்தில் மிளகளவு மேடு ஒன்று கடைசிவரை போகவில்லை. மற்றபடி முழுசாக இருக்கிறது, காகிதத்தை வெட்டுகிறது. இதற்கு முன்னால் உடைந்ததெல்லாம் ஒரு பெயிண்ட் டப்பாவில் கிடக்கிறது. அந்த டப்பாவைப் பற்றித்தான் இந்தப் பதிவில் அதிகம் எழுதப் போகிறேன்.

இந்த வேலையைக் கண்ணாடியில் தொடங்கலாம் என்ற துணிச்சல் இஷி என்பவரால் வந்தது. கலிபோர்னியாவின் யாஹி பழங்குடி மக்களில் கடைசியாக மிஞ்சியவர். 1911 ஆகஸ்டில் ஓரோவில் ஊருக்குப் பக்கத்தில் தனியாக வெளியே வந்தார். அப்புறம் 1916 மார்ச்சில் காசநோயில் இறக்கும்வரை சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே வாழ்ந்தார். பார்க்க வருகிறவர்கள் முன்னால் உட்கார்ந்து அம்பு முனை செய்து காட்டுவார். எரிமலைக் கண்ணாடி என்கிற அப்சிடியன்தான் அவர்கள் ஊர்ப் பொருள். ஆனால் பாட்டில் கண்ணாடியிலும் அவர் அதே நேர்த்தியோடு செய்தார். அவரிடம் வில்வித்தை கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப் அளவுகளை எழுதி வைத்திருக்கிறார்: நீளம் சுமார் இரண்டு அங்குலம், அகலம் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், கனம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதாவது 3 மி.மீ. சொச்சம். இந்த மூன்று மில்லி எவ்வளவு பெரிய விஷயம் என்பது படிக்கும்போது உறைக்கவில்லை. நீளத்தையும் அகலத்தையும் யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். கனத்தைக் குறைப்பதில்தான் எல்லா வித்தையும் இருக்கிறது.

முதலில் கருவி. மின் கடையில் எர்த்துக்குப் போடும் 8 கேஜ் செம்புக் கம்பி, 4 மி.மீ. தடிமன், ஒரு அடி போதும். அரத்துக்குப் போடும் மரக் கைப்பிடி ஒன்று. கைப்பிடியில் துளை போட்டு, கம்பியில் 6 செ.மீ. உள்ளே இறக்கி, இரண்டு செ.மீ. மட்டும் வெளியே விட்டு, எபாக்சி பசை ஊற்றி விட்டேன். முனையை அரத்தால் மழுங்கிய கூம்பாக ராவ வேண்டும், ஊசியாக அல்ல. இரும்பு ஆணி வைத்தும் பார்த்தேன், கண்ணாடி மேல் வழுக்குகிறது. இஷி இரும்பில்தான் வேலை செய்தார். அவர் கைக்கு அது வந்தது, நமக்குச் செம்பு நல்லது. செம்பு மெத்தென்று இருப்பதால் விளிம்பை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு விலை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முனையை ராவிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இதற்கு மான் கொம்பைச் சொல்வார்கள். இங்கே அந்தப் பக்கமே போக வேண்டாம், வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கொம்பு இல்லாததில் பெரிய இழப்பும் இல்லை. ஆல்ப்ஸ் பனியில் உறைந்த உடலாக 1991-ல் கிடைத்த ஓட்சி, சுமார் 5,300 வருடத்துக்கு முந்தைய ஆள், இடுப்போடு ஒரு கருவி வைத்திருந்தார். லிண்டன் மரக் குச்சி ஒன்றின் நடுவில் மான் கொம்புத் துண்டை அடித்து இறக்கி, நுனி மட்டும் துளி வெளியே தெரிகிற மாதிரி செய்தது. நீளம் சுமார் 12 செ.மீ. தடித்த பென்சில் என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நுனி தேய்ந்தால் பென்சில் சீவுவதுபோலவே சுற்றி மரத்தைச் சீவி இன்னும் கொஞ்சம் கொம்பை வெளியே எடுத்துக்கொள்ளலாம். என் அரக் கைப்பிடியும் செம்புக் கம்பியும் அதே ஏற்பாடுதான். ஆனால் அவருடையது அறிவாளித்தனமானது. என்னுடையதில் கம்பி தேய்ந்தால் புதுக் கைப்பிடி வாங்க வேண்டும்.

மற்ற சாமான்: உள்ளங்கையில் வைக்கத் தடித்த தோல் துண்டு, செருப்புத் தைக்கும் அண்ணனிடம் 60 ரூபாய்க்கு. அதன் மேல் ஒட்ட டிராக்டர் டியூப் ரப்பர், பஞ்சர் கடையில் சும்மா கொடுத்தார்கள். உடைந்த சாணைச் சக்கரத் துண்டு ஒன்று லேத் பட்டறையில். கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மறைக்கிற கண்ணாடி, 120 ரூபாய்.

பாட்டிலுக்குக் காயலாங்கடை. கடைக்காரர் எடை போட்டுத் தரத் தயார்தான், ஆனால் நான் ஒவ்வொரு பாட்டிலின் அடியாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவரால் தாங்க முடியவில்லை.

"என்ன தம்பி, மூடி இருக்கிற பக்கம் மேலே இருக்கு."

"அடிதாண்ணே வேணும். கனமா இருக்கிறதா பார்த்து எடுத்துக்கிறேன்."

"அடி மட்டுமா? மிச்சத்தை இங்கயே போட்டுட்டுப் போயிடு, எடையில கழிச்சுக்கிறேன்."

பழுப்பு பீர் பாட்டில், பச்சை ஒயின் பாட்டில், ஒரு விளிம்பு உடைந்த கோலி சோடா பாட்டில். கோலி சோடா பாட்டிலின் கண்ணாடி கனமும் நிறமும் கண்ணைப் பறிக்கும், முழு பாட்டிலாக இருந்தால் உடைக்க மனசு வந்திருக்காது. அடியை மட்டும் பெயர்த்தெடுக்க ஒரு வழி உண்டு. பாட்டிலைச் சாக்கில் சுற்றி, வாய் வழியாக நீளமான போல்ட் ஒன்றை உள்ளே விட்டு, வாயை மூடிப் பிடித்து மேலும் கீழுமாகக் குலுக்க வேண்டும். போல்ட் அடியில் குத்திக் குத்தி ஒரு கட்டத்தில் வட்டத் தகடு தனியாக விழுந்துவிடும். எப்போதும் வட்டமாக விழும் என்று சொல்ல முடியாது. பாதியாகவும் விழும்.

ஒரு எச்சரிக்கை. மேசைக் கண்ணாடி, கார் பக்கவாட்டுக் கண்ணாடி மாதிரி டஃபன் செய்த (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடியை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதன் மேல்பரப்பு முழுக்க அழுத்தம் பூட்டி வைத்திருக்கும். ஓரத்தில் ஒரு சில்லு எடுத்தால் மொத்தமும் கல் உப்பு மாதிரி உதிர்ந்துவிடும். பழைய டிவி படக்குழாய்க் கண்ணாடியும் வேண்டாம், அதன் பின்பகுதியில் ஈயம் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். வட்டத் தகடு கையில் இருக்கிறது. செம்பு முனையை ஓரத்தில் வைத்து அழுத்தினால் சில்லு வர வேண்டும். வரவில்லை. ஓரம் நொறுங்கி மாவாகக் கொட்டியது, அல்லது எதுவுமே ஆகவில்லை. காரணம், உடைந்த கண்ணாடியின் ஓரம் சதுரமாக, 90 பாகையில் இருக்கிறது. அதில் அழுத்தம் உள்ளே இறங்குமே தவிர மேற்பரப்பை ஒட்டி ஓடாது. முதலில் அந்தச் சதுரத்தை உடைத்து, ஓரத்தை நடுவில் முகடு வைத்த கூரையாக மாற்ற வேண்டும். இந்தப் பக்கம் ஒரு சின்னச் சில்லு, திருப்பி, அது விட்ட குழியிலிருந்து அந்தப் பக்கம் ஒரு சில்லு, மறுபடி திருப்பி இந்தப் பக்கம். சுற்றி வந்து முடித்தால் ஓரம் ரம்பம் மாதிரி வளைந்து வளைந்து நிற்கும். பார்க்கக் கேவலமாக இருக்கும், ஆனால் உண்மையான வேலை இதற்கு அப்புறம்தான் தொடங்க முடியும். பொறுமை இல்லாதவர்கள் இந்தக் கட்டத்திலேயே விட்டுவிடுவார்கள்.

அடுத்தது தேய்ப்பு. இதைத்தான் எந்தக் காணொளியிலும் இரண்டு நொடிக்கு மேல் காட்ட மாட்டார்கள். ரம்பமாக நிற்கிற ஓரம் கூர்மையாக இருக்கிறது. கூர்மையான ஓரத்துக்கு வலுவில்லை. செம்பு முனையை அதில் வைத்து அழுத்தினால் ஓரம் நசுங்கும், சில்லு நீளமாக ஓடாது. அதனால் சாணைத் துண்டை எடுத்து, ஓரம் முழுக்க மழுங்கும்வரை தேய்க்க வேண்டும். விரலை ஓட்டினால் வெட்டக் கூடாது, சொரசொரவென்று இருக்க வேண்டும். அப்படித் தேய்த்த ஓரத்தில்தான் அழுத்தம் நிற்கும், சில்லு நடுவரை போகும். போன சில்லு மறுபடி கூர்மையை விட்டுச் செல்லும். அதை மறுபடி மழுங்கடிக்க வேண்டும். மொத்த நேரத்தில் அழுத்துவது கால் பங்கு என்றால் தேய்ப்பது முக்கால் பங்கு. வெட்டுகிற பொருளைச் செய்ய உட்கார்ந்துவிட்டு நாள் முழுக்க அதை மழுங்கடித்துக்கொண்டே இருப்பது ஆரம்பத்தில் மனசுக்கு ஒப்பவில்லை. தேய்க்காமல் அழுத்தியவை எல்லாம் டப்பாவுக்குப் போன பிறகு கை தானாகவே சாணைத் துண்டைத் தேட ஆரம்பித்துவிட்டது.

தேய்ப்பதிலும் எந்த மட்டத்தில் தேய்க்கிறோம் என்பது முக்கியம். தகட்டைக் கிடையாகப் பிடித்து ஓரத்தை நேராகப் பார்த்தால் கனத்தின் நடுவில் ஒரு கோடு கற்பனை செய்துகொள்ளலாம். அழுத்தும் இடம் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, சில்லு வர வேண்டிய முகத்தின் பக்கமாக இருக்க வேண்டும். கோட்டுக்கு மேலே அழுத்தினால் தகடு குறுக்கே இரண்டாகப் பிளக்கும். கோட்டுக்கு ரொம்பக் கீழே அழுத்தினால் மெல்லிய செதில் பாதி தூரம் வந்து நின்றுவிடும்.

உட்காரும் விதம்: தாழ்வான முக்காலி. இடது உள்ளங்கையில் தோல், ரப்பர், அதன் மேல் கண்ணாடி, நாலு விரலும் அதை மடக்கிப் பிடிக்கும். இடது கையின் பின்புறம் இடது தொடையின் உட்பக்கம் முட்டிக்கொண்டிருக்கும். வலது கையில் கருவி, வலது முழங்கை வலது தொடையில். முதலில் உள்நோக்கி, கண்ணாடியின் நடுவைப் பார்த்து அழுத்தம் ஏற்ற வேண்டும். கை பலத்தால் அல்ல, இரண்டு தொடையையும் நெருக்கி. அழுத்தம் ஏறிய பிறகு மணிக்கட்டைத் துளி கீழே சாய்த்தால் "டிக்" என்று ஒரு சத்தம். சில்லு கீழ்முகத்திலிருந்து பெயர்ந்து உள்ளங்கையில் கிடக்கும். நல்ல சில்லின் சத்தமே வேறு.

உள்ளங்கை ரப்பரில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. சில்லு பெயர்கிற இடத்துக்கு நேர் கீழே ரப்பர் முட்டிக்கொண்டிருந்தால் சில்லு பாதியிலேயே உடைந்து நிற்கிறது. பள்ளம் இருந்தால் அது போகிற தூரம் போகிறது. பிளேடால் ஐந்து நிமிட வேலை. முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டியது.

டப்பாவில் கிடப்பவற்றைக் கொட்டிப் பிரித்தால் மூன்று வகை. பெரிய கும்பல், நடுவில் படி விழுந்தவை. சில்லு போகிற வழியில் திடீரென்று செங்குத்தாக முறிந்து ஒரு படியை விட்டுச் செல்லும். அடுத்த சில்லும் அந்தப் படியில் முட்டி அங்கேயே முறியும். படி மேல் படி ஏறி நடுவில் ஒரு குன்றே உருவாகிவிடும். அதே பக்கத்திலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் அது போகாது. எதிர்ப் பக்க ஓரத்திலிருந்து, நன்றாகத் தேய்த்த விளிம்பில், ஒரே பலமான அழுத்தலில் அடியோடு பெயர்த்தால்தான் உண்டு. இரண்டாவது வகை, கையில் பிடித்த பிடியிலேயே குறுக்கே முறிந்தவை. விரல் ஒரு ஓரத்தை மட்டும் இறுக்கினால் மெல்லிய பலகை வளைந்து ஒடிந்துவிடும். மூன்றாவது சின்னக் கும்பல், ஆனால் வயிற்றெரிச்சல் அதிகம்: எல்லாம் முடிந்து காடி போடும்போது காது, அதாவது காடிக்குக் கீழே நிற்கிற மூலை, உடைந்தவை.

பாட்டில் அடிக்கே உரிய தொல்லை ஒன்று, குழிவு. உட்புறம் மேடாக எழும்பி, வெளிப்புறம் குழிந்து இருக்கும். மேட்டு முகத்தில் சில்லு அழகாக ஓடும். குழிந்த முகத்தில் கொஞ்ச தூரம் போனதும் காற்றில் வெளியேறிவிடும், நடுவைத் தொடவே தொடாது. குழிந்த முகத்தின் சுற்று விளிம்பைப் பொறுமையாக இறக்கி, நடுவோடு சமமாக்கிய பிறகுதான் உள்ளே போக வழி கிடைக்கும். அதற்குள் வட்டத்தின் அளவு பாதியாகிவிடும். பீர் பாட்டிலில் என் சிறந்த உருப்படி 22 மி.மீ. நீளம், 8 மி.மீ. கனம். அம்பு முனை என்பதைவிடக் கொழுக்கட்டை என்று சொல்லலாம்.

அதனால் ஜன்னல் கண்ணாடிக்கு மாறினேன். கண்ணாடிக் கடையில் 8 மி.மீ. சாதாரண ஃப்ளோட் கண்ணாடியின் வெட்டுத் துண்டுகள் ஒரு பை நிறைய 100 ரூபாய். கடைக்காரரிடமே 40-க்கு 60 மி.மீ. துண்டுகளாகக் கீறித் தரச் சொல்லிவிட்டேன். இரண்டு முகமும் தட்டை, கனம் எங்கும் ஒன்று, குழிவு இல்லை. தட்டையாக இருப்பதிலும் சிக்கல் உண்டு: சில்லு ஓடுவதற்கு ஒரு முகடு வேண்டும், தட்டைப் பரப்பில் அது அகலமாக விரிந்து சீக்கிரமே நின்றுவிடும். ஆனால் முதல் வரிசைச் சில்லுகள் பெயர்ந்த பிறகு, இரண்டு தடத்துக்கு நடுவே ஒரு முகடு உருவாகிறது. அடுத்த அழுத்தலை அந்த முகட்டுக்கு நேராக வைத்தால் சில்லு அதைப் பிடித்துக்கொண்டே நடுவரை போகிறது. இப்படி ஒன்று விட்ட முகடு மற்றொன்றுக்கு வழி. இந்த ஒழுங்கு பிடிபட்ட நாளிலிருந்து உடைவது பாதியாகக் குறைந்தது.

காடிக்குத் தனிக் கருவி வேண்டும். 4 மி.மீ. கம்பி அந்தக் குறுகல் இடத்தில் நுழையாது. மெல்லிய செம்புக் கம்பியின் நுனியைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, 1.5 மி.மீ. கனத்துக்கு ராவிக்கொண்டேன். அடி ஓரத்திலிருந்து 6 மி.மீ. மேலே ஒரு சின்னப் பிறைச் சில்லு, திருப்பி அந்தப் பிறைக்குள்ளிருந்தே எதிர்முகத்தில் ஒன்று, திருப்பி மறுபடி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் காடியின் வாயைத் தேய்க்க வேண்டும். சாணைத் துண்டு நுழையாது, எமரி தாளை மடித்துத்தான். கருவியைப் பக்கவாட்டில் துளி ஆட்டினாலும் காது போய்விடும். நேராக உள்ளே மட்டும்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணில் கண்ணாடித் துகள் விழுந்தால் இஷி என்ன செய்வார் என்று போப் எழுதியிருக்கிறார்: கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் உச்சந்தலையில் ஓங்கி ஒரு அடி. அவருக்குச் சரி. நமக்கு 120 ரூபாய்க் கண்ணாடி இருக்கிறது. வேலை மொட்டை மாடியில், பழைய படுதா விரித்து, முதுகுப் பக்கமிருந்து காற்று வரும்படி உட்கார்ந்துதான். வீட்டுக்குள் ஒருபோதும் இல்லை. துடைப்பத்தால் பெருக்கினால் தூள் எழும்பும், ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வெறுங்காலோடு மாடிக்கு வருகிற வழக்கம் வீட்டில் யாருக்கும் இருக்கக் கூடாது.

கண்ணாடியில் கை கொஞ்சம் பழகியதும் கல் வேண்டும் என்று ஆசை வந்தது. நம் பக்கத்தில் குவார்ட்ஸ் எங்கும் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் உள்ளே வெடிப்பு ஓடியிருக்கும், நினைத்த இடத்தில் உடையாது. கிடைப்பதில் நல்லது அகேட், கால்சிடனி வகை. கொடுமணல், கீழடி அகழாய்வுகளில் கிடைத்த சூதுபவள மணிகளும் இந்தக் குடும்பம்தான். இந்தியாவில் இந்தக் கல்லை இன்றும் கையால் உடைத்து மணி செய்கிற ஊர் குஜராத்தின் கம்பாட். அங்கே உடைக்கிற முறை தலைகீழ். கூரான இரும்புக் கோலைத் தரையில் சாய்வாக ஊன்றியிருப்பார்கள். கல்லின் ஓரத்தை அந்தக் கூரில் வைத்து, மேலிருந்து எருமைக் கொம்புத் தலை வைத்த சுத்தியலால் லேசாகத் தட்டுவார்கள். அடி மேலே விழும், சில்லு கீழே கோல் தொட்ட இடத்திலிருந்து பெயரும். கண்ணால் பார்த்துக்கொண்டே எந்தப் புள்ளியில் உடைய வேண்டுமோ அதைக் கோலில் வைக்கலாம். நேராகச் சுத்தியலால் அடிப்பதில் இல்லாத வசதி இது.

ரத்தினக் கல் வியாபாரி ஒருவரிடம் பட்டை தீட்டாத அகேட் ஒன்றரை கிலோ, தபால் செலவோடு 750 ரூபாய்க்கு வாங்கினேன். முட்டை அளவு உருண்டைகள். ஒரு கடப்பாரைத் துண்டைக் கூராக்கி மரக்கட்டையில் சாய்வாக இறக்கினேன். கொம்புச் சுத்தியலுக்குப் பதில் புளியங்கட்டைச் சுத்தி. உருண்டையை முதலில் ஆற்றுக் கூழாங்கல்லால் ஓங்கி அடித்துத்தான் திறக்க வேண்டியிருந்தது; ஒன்றரை கிலோவில் உருப்படியான தகடு ஒரு கை நிறையக் கூடத் தேறவில்லை. தேறியவற்றைக் கோலில் வைத்துத் தட்டி ஓரம் இறக்க முடிந்தது. ஆனால் செம்புக் கருவியால் அழுத்தினால் அகேட் அசையவே இல்லை. தொடை வலித்ததுதான் மிச்சம். கண்ணாடிக்கு இரண்டு மடங்கு அழுத்தினாலும் அரிசி நொய் அளவுக்குத்தான் சில்லு.

அதற்கு மருந்து சூடு. இது ரொம்பப் பழைய அறிவு. தென்னாப்பிரிக்காவின் பினக்கிள் பாயின்ட் குகையில் 70,000 வருடங்களுக்கு முன்பே கல்லைச் சுட்டுப் பக்குவப்படுத்தியிருக்கிறார்கள். கம்பாட்டிலும் மண் சட்டியில் வைத்துச் சுட்ட பிறகுதான் கல் உடைப்புக்குப் போகும். நான் செய்தது: தகடுகளை முதலில் ஒரு வாரம் வெயிலில் காயப் போட்டேன். மண் சட்டியில் அரை அடிக்கு உலர்ந்த ஆற்று மணல், நடுவில் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல், மேலே மறுபடி மணல். சட்டியைச் சுற்றியும் மேலும் வரட்டி அடுக்கி, சாயங்காலம் பற்றவைத்து, சாம்பலால் மூடிவிட்டேன். வரட்டி கொழுந்து விட்டு எரியக் கூடாது, கனிந்துகொண்டே இருக்க வேண்டும். மறுநாள் முழுக்கச் சட்டியைத் தொடவில்லை. சூட்டோடு வெளியே எடுத்தால் கல் வெடிக்கும்.

திறந்து பார்த்தபோது சாம்பல் நிறக் கல்லில் இரும்புக் கறை இருந்த இடமெல்லாம் செங்கல் சிவப்பு. தடிமனாக இருந்த ஒரு துண்டில் மட்டும் சோழி அளவுக்கு வட்டமாக மேல்தோல் தெறித்திருந்தது. உள்ளே ஈரம் மிச்சம் இருந்திருக்க வேண்டும். மற்றதை எடுத்து ஓரத்தைத் தேய்த்து அழுத்தினேன். "டிக்". சில்லு பாதி முகம்வரை போயிருந்தது. சுட்ட கல்லுக்கு ஒரு அடையாளம் உண்டு: பழைய பரப்பு மங்கலாகவே இருக்கும், சுட்ட பின் பெயர்ந்த தடம் மட்டும் எண்ணெய் தடவினாற்போல மினுமினுக்கும். மேசை மேல் இருக்கிற முனையில் அந்த இரண்டும் பக்கத்திலேயே தெரிகின்றன. மிளகளவு மேடு மங்கலாக, சுற்றி எல்லாம் பளபளப்பாக.

கல்லுக்குப் போன பிறகு முகமூடி கட்டாயம். கண்ணாடித் தூளைவிட இது ஆபத்து. அகேட் தூள் படிக சிலிக்கா. கம்பாட் தொழிலாளர்களிடம் சிலிகோசிஸ் பல பத்தாண்டுகளாகப் பதிவாகி வருகிற நுரையீரல் நோய். துணி முகமூடி உதவாது, என்95 வேண்டும். சாணையில் தேய்க்கும்போது துண்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே தேய்க்கிறேன். கம்பாட்டில் வயிற்றுப்பாட்டுக்காக வருடக்கணக்கில் அந்தத் தூளைச் சுவாசித்தவர்களை நினைத்தால் என்னுடையது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு.

அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் நிற்கிற விதமும் மாறிவிட்டது. முன்னெல்லாம் முனையின் வடிவத்தைத்தான் பார்ப்பேன். இப்போது முதலில் ஓரத்தைக் குனிந்து பார்க்கிறேன், தேய்த்த அடையாளம் எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று. அடுத்து நடுவில் படி விழுந்திருக்கிறதா, விழுந்திருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து அதை எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிக்காடுகளின் செம்மணலில், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் போன்ற இடங்களில், செர்ட்டிலும் குவார்ட்ஸிலும் செய்த சின்னஞ்சிறு கருவிகள் கிடைத்திருக்கின்றன. 1956-ல் ஆய்வாளர்கள் ட்சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் அவற்றைப் பற்றி எழுதினார்கள். அவற்றில் இரண்டு முகமும் அழுத்திச் செதுக்கிய முனைகளும் உண்டு. சுடாத அகேட்டே என் தொடையை அந்தப் பாடு படுத்தியது. குவார்ட்ஸில் அந்த வேலையைச் செய்த கைகளை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. தேரிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: கண்ணில் பட்டால் பாருங்கள், படம் எடுங்கள், பையில் போடாதீர்கள். எடுத்த இடம் தெரியாத கல் கருவியால் யாருக்கும் பயனில்லை.

ஓட்சியிடம் திரும்ப வருகிறேன். அவருடைய அம்பறாத்தூணியில் 14 அம்புகள், முனை வைத்து முடித்தவை இரண்டே இரண்டு, அந்த இரண்டும் உடைந்தவை. அவரிடம் இருந்த கல் கருவிகள் திரும்பத் திரும்பத் தீட்டப்பட்டுத் தேய்ந்து சின்னதாகியிருந்தன. மலை மேல் நல்ல கல் கையில் இல்லாத ஒருவர் இருப்பதையே கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டு நாளை ஓட்டியிருக்கிறார். ஒன்றரை கிலோ அகேட்டைப் பாதிக்கு மேல் தூளாக்கிய எனக்கு அதைப் படித்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அவரைக் கொன்றதும் ஒரு கல் முனைதான். இடது தோளுக்குள் அது இருப்பதை 2001-ல் எக்ஸ்ரேயில் கண்டுபிடித்தார்கள்.

செலவுக் கணக்கு: செம்பும் கைப்பிடியும் 190, தோல் 60, கண் பாதுகாப்புக் கண்ணாடி 120, முகமூடி 150, பாட்டில்கள் 80, ஃப்ளோட் துண்டு 100, அகேட் 750, வரட்டியும் சட்டியும் 130. மொத்தம் 1,580 ரூபாய். இதில் அகேட்டை முதலிலேயே வாங்கியிருந்தால் அத்தனையும் வீண். மறுபடி தொடங்கினால் பாட்டில் பக்கமே போக மாட்டேன், நேராக 6 மி.மீ. ஃப்ளோட், 8 மி.மீ. தேவையில்லாத கனம், அதைக் குறைப்பதிலேயே பாதி உடைகிறது. கைப்பிடியை இன்னும் நீளமாக வைப்பேன், முழங்கைக்கு அடியில் முட்டுக் கொடுக்கிற மாதிரி. இஷியின் கருவிக்கு நீண்ட மரப் பிடி இருந்ததன் காரணம் மணிக்கட்டு வலித்த பிறகுதான் விளங்கியது. கல்லைச் சுடுவதற்கு முன்னால் எல்லாத் தகடையும் 8 மில்லிக்குள் இறக்கிக்கொள்வேன். மெல்லியது எதுவும் வெடிக்கவில்லை.

கடைசியாகக் கழிவு. ஒரு முனைக்கு ஒரு கை நிறையச் சில்லு விழுகிறது. கண்ணாடியானால் பார்த்ததும் புதுசு என்று தெரிந்துவிடும். அகேட் சில்லைத் தோட்டத்திலோ ஆற்றங்கரையிலோ கொட்டினால் ஆயிரம் வருடம் கழித்தும் அப்படியே கிடக்கும்; பின்னால் தோண்டுகிற ஒருவர் அதைப் பழங்காலப் பட்டறை என்று எண்ணிக் குழி அளப்பார். அதனால் எல்லாச் சில்லையும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து, உள்ளே இந்த வருடம் அச்சான ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். முனைகளின் ஓரத்திலும் கண்ணாடி வெட்டும் வைரப் பேனாவால் வருடத்தைக் கீறிவிடுகிறேன். சுட்ட தகடு இன்னும் மூன்று மிச்சம் இருக்கிறது. அவற்றுக்கு முன்னால் காடிக் கருவியை ஒரு மில்லிக்கு ராவ வேண்டும்.